இன்னுமொரு றொட்

தாலிக்கு மூன்று முடிச்சுத்தான். அவர் நாலாவதையும் போட்டார் என்று அவருடைய மனைவி எனக்குச் சொன்னார்.

"ஐயர் கையைப் பிடிச்சுப் பாத்தவர், பிள்ளை. 'காணும் தம்பி, போதும்' எண்டு. உவர் கேட்டால்தானே."

அவர் முற்றத்தில் குந்தியிருந்து இயந்திரச் சங்கிலிக்குக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. "மூண்டு கழண்டாலும் ஒண்டு நிக்குமெண்டு போட்டனான். இத்தினை வருசத்திலை ஏதும் கழண்டதோ?"

"எங்கை கழர? கழர வழியில்லாமல்தானே நிக்கிறன்," என்றார் மனைவி.

அவர் துளை போடுகிறவர். நிலத்துக்குள் இரும்புத் தண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் திருகிப் பூட்டி இறக்கிக்கொண்டு போவது அவருடைய தொழில். ஒரு தண்டு மூன்று மீற்றர். வேலைத்தளத்தில் அதை றொட் என்பார்கள். எத்தனை றொட் போட வேண்டும் என்பதை வேறு யாராவது தீர்மானித்து எழுதிக் கொடுப்பார்கள். அவர் அத்தனையையும் போட்டு முடித்துவிட்டு, உள்ளங்கையை இரும்பில் வைத்தபடி எங்களைப் பார்த்து, "இன்னுமொரு றொட்?" என்பார். கோப்பாயில் அவருக்குப் பட்டப்பெயரே 'இன்னுமொண்டு'. நான் அண்ணை என்று கூப்பிட்டேன். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும்.

எனக்கு எதையும் பட்டியல் போடும் பழக்கம் இருக்கிறது. அவர் குறித்த நேரத்தில் முடித்துக்கொண்ட காரியங்கள் என்று ஒரு பட்டியல் போடப் பார்த்திருக்கிறேன். பக்கம் வெறுமையாகவே இருந்தது. தேத்தண்ணி முடிந்ததும் அரைக் கோப்பை கேட்பார். தொலைபேசியில் "சரி, வைக்கிறன்" என்று சொன்ன பிறகு ஒரு புதுக்கதை தொடங்குவார். படம் முடிந்து பெயர்கள் ஓடி ஓய்ந்து திரை கறுக்கும்வரை எழும்பமாட்டார். விடுமுறைக்கு வேலைத்தளத்திலிருந்து நாங்கள் இருவரும் ஒரே பஸ்ஸில் யாழ்ப்பாணம் வருவோம். அங்கிருந்து நான் அரியாலைக்கு, அவர் கோப்பாய்க்கு. ஒருமுறை கோப்பாயில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போவதற்காக அவரோடு அந்த பஸ்ஸிலும் ஏறினேன். தன்னுடைய தரிப்பிடம் வந்தபோது அவர் அசையவில்லை. அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தார். மறுகிழமை கேட்டேன்.

"வாற தரிப்பிலை என்ன இருக்கெண்டு பாக்கத்தான், தங்கச்சி."

"என்ன இருந்தது?"

"ஒரு சைக்கிள் கடை. போன மாசமும் அதுதான் இருந்தது."

நான் அவரை முதலில் கண்டது யாழ்ப்பாணத்தில் அல்ல. கிழக்கே, திருகோணமலைக்குத் தெற்கே ஒரு காட்டில். புவிச்சரிதவியல் படித்து முடித்துக் கையில் வேலையில்லாமல் இருந்த நேரம், செம்பு தேடும் ஒரு நிறுவனம் என்னை எடுத்தது. துளையிலிருந்து உருளை உருளையாக வரும் கல்லைக் கழுவி, பெட்டியில் வரிசையாக அடுக்கி, எந்த ஆழத்தில் என்ன கல் என்று எழுதுவது என் வேலை. துளை இயந்திரம் அவருடைய பொறுப்பு. அவர் எடுத்துத் தருவதை நான் எழுதுவேன். ஒரு வருடமும் சில மாதங்களும் அப்படிப் போயின.

அந்தக் காட்டுக்குக் கீழே இருப்பது ஒரு காலத்துச் சுண்ணாம்புக்கல். ஆழத்தில் புதைந்து, அமுங்கி, வெள்ளைச் சலவைக்கல்லாகிப் போனது. அதற்குள் எப்போதோ உருகிய பாறைக்குழம்பு வந்து நுழைந்திருக்கிறது. குழம்பின் சூடும் அதிலிருந்து கசிந்த கொதிநீரும் சுண்ணாம்பைத் தின்று, இரண்டும் முட்டிய இடத்தில் புதிதாக ஒரு கல்லை உண்டாக்கியிருக்கின்றன. பழுப்புச் சிவப்பில் கார்னெட் மணிகள், பச்சைக் கனிமங்கள், கறுத்த காந்தக்கல், அவற்றுக்கு நடுவே பித்தளை நிறத்தில் செம்புத் தாது. புத்தகத்தில் இதற்கு ஸ்கார்ன் என்று பெயர். சுவீடன் நாட்டுச் சுரங்கக்காரர்கள் தாதுக்குப் பக்கத்தில் கிடந்து, வேண்டாமென்று ஒதுக்கிய கல்லுக்கு வைத்த பெயர் அது. பின்னர் உலகமே அந்தக் கல்லைத் தேடித் தேடித் துளை போட்டது.

அவர் அதைச் 'சமைச்ச கல்லு' என்பார்.

"எங்கடை யாழ்ப்பாணத்துக் கல்லும் சுண்ணாம்புதானே, தங்கச்சி. அதுக்கு அடுப்புக் கிடைக்கேல்லை. அவ்வளவுதான்."

"அண்ணை, அது வேறை, இது வேறை. எங்கடை கல்லு வயசு குறைஞ்சது. நேற்றைக்குக் கடலுக்குள்ளை இருந்தது மாதிரி."

"அப்ப இன்னும் கொஞ்சம் இருக்கட்டும். அவசரமில்லை."

ஸ்கார்னில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு அலுப்பு உண்டு. அது கட்டுக்கட்டாக, படை படையாக இருக்காது. குழம்பு எங்கே புகுந்ததோ, சுண்ணாம்பு எங்கே இடம் கொடுத்ததோ, அங்கே ஒரு பொட்டலமாக இருக்கும். ஒரு துளை செம்பின் நடுவால் போகும். பத்து அடி தள்ளிப் போட்ட துளையில் வெறும் வெள்ளைக் கல் வரும். ஆகவே எந்தத் துளையை முடிக்கும்போதும், இன்னும் கொஞ்சம் போயிருந்தால் என்ற எண்ணம் மண்டைக்குள் கிடக்கும். மற்றவர்களுக்கு அது இரண்டு நாளில் போய்விடும். அவருக்குப் போகாது.

அந்தக் காட்டின் சரித்திரத்தை அவர் வந்தவர்களின் வரிசையாகத்தான் சொல்லுவார். முதல் வந்தவர்கள் வயலுக்குக் காடு வெட்டிய சனங்கள். பாரமான கறுத்தக் கல் ஒன்றை வரம்பில் வைத்தார்கள். கத்தி நுனி அதில் ஒட்டிக்கொண்டது. இரண்டாவதாக வந்தவர்கள் காந்த ஊசியோடு இரும்பு தேடி வந்த அளவையாளர்கள். அகழி வெட்டிப் பார்த்தபோது, நாட்கணக்காகப் புளி போட்டு மினுக்காத செப்புக்குடத்தில் பிடிக்கும் களிம்பைப்போல, அந்தக் கறுத்தக் கல்லில் பச்சை பிடித்திருந்தது. பிறகு துளை போட வந்தவர்கள், சண்டை தொடங்க விட்டுவிட்டுப் போனவர்கள். நாலாவதாக, சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்த காலத்தில் வந்தவர்கள். அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்தார். ஐந்தாவது நாங்கள்.

"எல்லாரும் ஒரு றொட் முன்னம் நிப்பாட்டிப்போட்டுப் போனவை," என்று முடிப்பார்.

அந்த நாலாவது கூட்டத்தில்தான் அவருக்கு இந்த வியாதி தொற்றியது என்று நினைக்கிறேன். ஒரு பின்னேரம், களைப்பில் மேற்பார்வையாளர் றொட்டைப் பிழையாக எண்ணிவிட்டார். எண்ணிச் சரிபார்க்க வேண்டிய இவரும் பிழையாக எண்ணினார். திட்டத்தில் இல்லாத ஒரு றொட் கீழே போனது. அந்த றொட்டில் வந்த கல்லில்தான், அந்தக் காட்டில் அதுவரை யாரும் காணாத அளவு செம்பு இருந்தது. பிழையாக எண்ணியதற்கு மேற்பார்வையாளருக்குப் பாராட்டுக் கிடைத்தது.

"அண்டையிலையிருந்து நான் கணக்கை நம்பிறதில்லை, தங்கச்சி. உள்ளங்கையைத்தான் நம்பிறது."

அவர் சொன்ன உள்ளங்கை பொய்யல்ல. கீழே கல் மாறினால் தண்டின் அதிர்வு மாறும். நான் பெட்டியில் பார்த்து எழுதுவதற்கு முன்னரே அவர் கார்னெட் வருகிறது என்று சொல்லியிருக்கிறார். எத்தனை தடவை சரியாகச் சொன்னார் என்று என் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வந்தேன். பிழைத்த தடவைகளையும் எழுதினேன். இரண்டும் ஏறக்குறையச் சமமாகத்தான் இருந்தன. அதை நான் அவருக்குக் காட்டவில்லை.

எங்கள் கடைசித் துளை மழைக்கு முந்திய கிழமையில் முடிந்தது. வேலையை மூடுவதென்று மேலே தீர்மானித்துவிட்டார்கள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. லொறி வருவதற்குள் இயந்திரத்தைக் கழற்ற வேண்டும். திட்டமிட்ட ஆழத்தை மத்தியானம் எட்டினோம். கடைசி உருளையைக் கழுவினேன். அதன் அடி நுனியில், விரல் நீளத்தில், கார்னெட் தொடங்கியிருந்தது. அதற்குள் நூல்போல ஒரு மஞ்சள் கோடு. செம்பு.

அவர் கையை இரும்பிலிருந்து எடுக்கவில்லை. "கீழை கல்லு மாறுது. உள்ளங்கையிலை தெரியுது. இன்னுமொரு றொட், தங்கச்சி. ஒரு மணித்தியாலம்."

கொழும்பிலிருந்த தலைமை அதிகாரியிடம் தொலைபேசியில் கேட்டேன். "திட்டம் முடிந்ததா? அப்ப மூடுங்கோ," என்றார். அவருக்கும் அலுத்துப் போயிருந்தது. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. நான் நின்றேன். ஒரு மணித்தியாலத்தை யாரும் வந்து எண்ணிப் பார்க்கப் போவதில்லை. நான் ஓம் என்று தலையாட்டியிருந்தால் அண்ணை போட்டிருப்பார். நான் படிவத்தில் 'திட்டமிட்ட ஆழம் எட்டப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

அவர் வாதாடவில்லை. றொட்டுகளைக் கழற்றித் துடைத்து அடுக்கினார். கடைசியில் வந்து, "உந்தத் துண்டை நான் எடுக்கலாமோ?" என்று கேட்டார். எடுக்கக்கூடாது. நான் எடுக்கச் சொன்னேன்.

அதன் பிறகு நாங்கள் இருவரும் ஊர் திரும்பினோம். எனக்கு யாழ்ப்பாண நகரில் கிணற்றுத் தண்ணீர் பரிசோதிக்கும் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. போத்தல், சிட்டை, இலக்கம், கையெழுத்து. அவர் வாடகைக்கு ஒரு இயந்திரம் பிடித்துக் குழாய்க்கிணறு போடத் தொடங்கினார்.

எங்கள் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் துளையும் பொந்துமானது. மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி, கீழே கிடக்கும் கடல் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. நாங்கள் குடிப்பது, குளிப்பது, தோட்டத்துக்கு இறைப்பது எல்லாம் அந்த மிதக்கிற தண்ணீர்தான். துளை அதற்குள் நின்றால் நல்ல தண்ணீர். அதைத் தாண்டினால் உப்பு. செம்புக் காட்டில் ஒரு றொட் கூடப் போனால் ஒரு மணித்தியாலம் நட்டம். இங்கே ஒரு றொட் கூடப் போனால் கிணறு நட்டம்.

அவரைத் தெரிந்த சனங்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். வேலை கெட்டிக்காரத்தனம், கூலி நியாயம், ஆகவே கூப்பிடாமல் இருக்க மனமில்லை. துளை போடும் நாளில் வேண்டிய றொட்டுகளை எண்ணி ஒரு பக்கம் வைத்துவிட்டு, மிச்ச றொட்டுகளின் மேல் வீட்டுக்காரர் ஒருவர் ஏறி இருந்துகொள்வார். கிணறு முடியும்வரை எழும்பக்கூடாது. தேத்தண்ணி அங்கேயே வரும். கோப்பாயில் ஒரு வீட்டில் இரண்டு பேர் மாறி மாறி இருந்தார்களாம். அவர் கோபிப்பதில்லை. "இருங்கோ, இருங்கோ. இரும்பு சூடாயிருக்கும், சாக்கைப் போட்டு இருங்கோ," என்பார்.

அக்கா வீட்டில் சாக்குப் போட்டு இருந்தது நான்.

அத்தானுக்கு வெங்காயத் தோட்டம். தண்ணீர் நாலு பேருக்குப் பங்கான ஒரு கிணற்றில். இவருடைய முறை வரும்போது கிணறு அடியைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த ஆவணி வெயிலில் பாதிப் பாத்தி வாடிவிட்டது. சொந்தக் காணியில் ஒரு குழாய்க்கிணறு போட்டால் மிச்சப் பாதியைக் காப்பாற்றலாம் என்று நினைத்தார். அந்தப் போகத்து வெங்காயத்தைத் தவிர அவர்களுக்கு வேறு ஒன்றுமில்லை.

நான் சுற்றவுள்ள கிணறுகளை எல்லாம் அளந்தேன். ஆழம், நீர்மட்டம், உப்பு அளவு, கடல்நீரேரியிலிருந்து தூரம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, கீழே 'ஐந்து றொட். அதற்கு மேல் வேண்டாம்' என்று கோடிட்டு அவரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை வாசித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"எழுத்து வடிவாயிருக்கு, தங்கச்சி."

"எழுத்தில்லை அண்ணை, ஐஞ்சு."

"ஐஞ்சுதான். ஆர் இல்லையெண்டது?"

எட்டு றொட் லொறியில் வந்தன. அத்தான் மூன்றை இழுத்து வேலியோரம் போட்டார். "நீ படிச்சனி. நீ இதிலை இரு. ஆடு வந்து வெங்காயத்தைத் திண்டாலும் எழும்பாதை," என்றார். தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தி வேலை தொடங்கியது. பத்து மணிக்கு ஐந்தாவது றொட்டும் இறங்கி முடிந்தது. தண்ணீர் வந்தது. நல்ல தண்ணீர்தான், ஆனால் நூலாக வந்தது. வாளி நிரம்பப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அத்தான் அதைப் பார்த்தார். பம்புக்கு ஒரு இணைப்புத் துண்டு வாங்க மோட்டார் சைக்கிளில் சந்திக்குப் போனார். அக்கா குசினியில் சமைத்துக்கொண்டிருந்தார்.

இயந்திரம் நின்றதும் தோட்டம் முழுவதும் அமைதியானது. அவர் உள்ளங்கையை இரும்பில் வைத்தார்.

"தங்கச்சி."

"இல்லை அண்ணை."

"நான் ஒண்டும் கேக்கேல்லையே."

அவர் கையை எடுக்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. வாடிக் கிடந்த பாத்தியைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வதுபோல, "கீழை கல்லு மாறுது. உள்ளங்கையிலை தெரியுது," என்றார்.

காட்டில் சொன்ன அதே சொற்கள். நான் அந்த மஞ்சள் கோட்டை நினைத்தேன். இரண்டு வருடமாக எத்தனையோ போத்தல்களுக்குச் சிட்டை ஒட்டும்போது நினைத்தது அதைத்தான். ஒரு மணித்தியாலத்தைக் கொடுக்கவில்லை என்று. இப்போது கொடுக்கலாம் என்று நினைத்தேன். அளந்தெடுத்த எல்லாக் கணக்கும் என் மடியில் இருந்த புத்தகத்தில் இருந்தது. நான் எழும்பினேன்.

அவர் நம்பவில்லை. றொட்டைத் தொடாமல் நின்றார்.

"உண்மையாவோ?"

"ஓம். போடுங்கோ."

ஆறாவது றொட் பாதி போனதும் துளைமுனை சடாரென்று வெறுமைக்குள் இறங்கியது. பொந்து. தண்ணீர் குழாய்க்கு மேலே குதித்தது. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுப் பெண்தான் முதல் தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்பது வழக்கம். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து இரண்டு கையாலும் ஏந்தினார். சாமிக்குக் கற்பூரம் கொளுத்திய தண்ணீரைத் துப்பக்கூடாதென்று விழுங்கினார். பிறகு வாயைத் துடைத்தார்.

"அவர் வரட்டும்," என்று மட்டும் சொன்னார்.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் அண்ணை வாசற் படலைக்குப் போய்விட்டார். அத்தான் இறங்குவதற்கு முன்னமே சொல்லிவிட்டார்.

"பிழை என்னிலை. தங்கச்சி தண்ணி குடிக்கப் போன நேரம் பாத்து எடுத்துப் போட்டிட்டன்."

"என்ன ஐசே சொல்லுறீர்?"

"ஆறாவதையும் போட்டிட்டன். உப்பு."

அத்தான் கையிலிருந்த இணைப்புத் துண்டை அப்படியே நிலத்தில் எறிந்தார். அன்றைக்கு அவர் பேசிய பேச்சை நான் எழுத விரும்பவில்லை. என் வாய் திறந்துதான் இருந்தது. சொல்லாமல் விட்டதற்குக் காரணங்களை வரிசையாக வைத்திருந்தேன். ஒன்று, சொன்னாலும் தண்ணீர் மாறாது. இரண்டு, அக்கா வீட்டில் நான் முகம் கொடுத்துப் போய்வர வேண்டும். மூன்று, அவருக்கு இது புதிதல்ல. ஒரு பொய்யை மற்றவர் சொல்லிவிட்டால், அதைத் திருத்துவதற்கு வேண்டிய தெம்பு அன்று என்னிடம் இல்லை. அதைக் காரணமாக எழுத முடியாது என்பதால் வரிசையில் சேர்க்கவில்லை.

மறுநாள் விடிய அவர் சீமெந்தும் களிமண்ணும் சரளையும் கொண்டுவந்தார். கயிற்றை விட்டு அளந்து அளந்து, அந்த ஆறாவது றொட்டின் நீளத்தை அடைத்தார். அத்தான் வெளியே வரவில்லை. உப்பு குறைந்தது, போகவில்லை. வெங்காயம் அந்தத் தண்ணீரைத் தாங்காது. அந்தப் போகம் போனது. அடுத்த வருடம் அத்தான் பீற்றூட்டுக்கு மாறினார். அது உப்பைக் கொஞ்சம் பொறுக்கும். குடிக்கிற தண்ணீரை அக்கா இன்றுவரை அயல் வீட்டிலிருந்து குடத்தில் தூக்குகிறார். அந்தக் கிணற்றின் போத்தல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் மேசைக்கு வரும். 'குடிக்க உகந்ததல்ல' என்று சிட்டையில் எழுதுவது என் கைதான்.

கோப்பாய்ச் சந்தியில் அத்தான் அவரை எல்லோருக்கும் முன்னால் வைத்து ஏசினார். காவலிருந்த பெட்டையைத் தண்ணீர் குடிக்க விட்டுவிட்டு றொட் களவெடுத்தவர் என்று கதை பரவியது. முன்பு சிரித்துக்கொண்டு சாக்குப் போட்டு இருந்தவர்கள் இப்போது கூப்பிடவில்லை. சில மாதங்களில் அவர் குடும்பத்தோடு வவுனியாவுக்குப் போனார். போகுமுன் என் அலுவலகத்துக்கு வந்து, ஒரு பழந்துணியில் சுற்றியிருந்ததை மேசையில் வைத்தார். காட்டின் கடைசித் துண்டு.

"இது உன்ரை பெட்டியிலை இருக்கவேண்டியது, பிள்ளை."

அன்றைக்கு மட்டும் அரைக் கோப்பை கேட்காமல் எழும்பிப் போனார். அந்தத் துண்டு இப்போது மின்விசிறிக் காற்றில் அறிக்கைகள் பறக்காமல் பாரம் வைக்க உதவுகிறது. மஞ்சள் கோடு கறுத்துவிட்டது.

வவுனியாவில் கீழே வைரம் பாய்ந்த கல். தண்ணீர் அதன் வெடிப்புகளில் மட்டும் கிடக்கும். ஒரு றொட் கூடப் போகிறவனைத்தான் அங்கே தேடுவார்கள். அவருக்கு அங்கே நல்ல பெயர் என்று கேள்விப்பட்டேன். கேட்டபோது நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியைப் பிடிக்கவுமில்லை.

அவர் போய் நாலு வருடம். போன மாதம் என்னோடு படித்த ஒருத்தி கதைத்தாள். அந்தக் காட்டுக்கு ஆறாவதாக வந்திருக்கும் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். எங்கள் கடைசித் துளையை ஒட்டிப் புதிதாக ஒன்று போட்டுப் பார்த்தார்களாம். நாங்கள் நிறுத்திய இடத்துக்குக் கீழே ஒரு சாண் கார்னெட். அதன் பிறகு மூன்று றொட்டும் வெறும் வெள்ளைக் கல்.

"நல்ல காலம் நீ நிப்பாட்டினது," என்றாள்.

அன்று பின்னேரம் அலுவலகம் வெறுமையான பிறகு அவருடைய இலக்கத்தைத் தேடி எடுத்தேன். சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் எடுத்தேன். நலம் விசாரித்து முடிந்ததும் முதலாவதைச் சொன்னேன்.

"அண்ணை, எங்கடை கடைசித் துளை. அதுக்குக் கீழை ஒண்டுமில்லையாம். வெள்ளைக் கல்லுதான்."

அவர் கேட்டது ஒன்றுதான்.

"எத்தினை றொட் போட்டுப் பாத்தவை?"

"மூண்டு."

"இன்னுமொண்டு போட்டிருக்கலாம்," என்றார்.

நான் இரண்டாவதைச் சொன்னேன். "அண்டைக்கு எழும்பினது நான் எண்டு அத்தானுக்குச் சொல்லப் போறன்."

"ஏன் இப்ப உது? எழும்பினது நீ. போட்டது நான். கணக்குச் சரி." பிறகு குரல் மாறியது. "தண்ணி எப்பிடி?"

"பீற்றூட்டுக்குக் காணும்."

"குடிக்க?"

"இல்லை."

"அடைச்சது காணாது, தங்கச்சி. மேலை இன்னுமொரு முழம் அடைக்கவேணும். நான் அப்பவே நினைச்சனான். படலையைத் திறந்து விடுவினமோ எண்டுதான் வரேல்லை."

தாளில் மூன்றாவதாக 'மன்னியுங்கோ' என்று எழுதியிருந்ததை நான் வாசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோப்பாய்க்குப் போனேன். அத்தான் பம்படியில் பீற்றூட் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் இருந்து இலையை முறித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். தண்ணீர் குடிக்கப் போகவில்லை, நானாக எழும்பினேன், போடச் சொன்னதும் நான்தான்.

அத்தான் கழுவுவதை நிறுத்தவில்லை. அக்காதான் முதலில் கதைத்தார்.

"எனக்குத் தெரியும். குசினி யன்னலாலை பாத்தனான்."

"பாத்தனீரோ?" அத்தான் பம்பை நிறுத்தினார். "பாத்திட்டு இவ்வளவு நாளும் சும்மா இருந்தனீரோ?"

"அவர் தானெண்டு சொல்லிப்போட்டார். என்ரை தங்கச்சியை நான் காட்டிக்குடுக்கிறதோ?"

"அப்ப நான் அந்தாளைச் சந்தியிலை வைச்சு..." அத்தான் முடிக்கவில்லை. கையிலிருந்த சிவப்புச் சாயத்தைச் சாரத்தில் துடைத்தார். என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். அவருக்கும் வயது போய்விட்டது, எல்லோருக்கும் அலுத்துவிட்டது.

"அவரின்ரை நம்பரைத் தா," என்றார்.

கொடுத்தேன். இன்னுமொரு முழம் அடைக்க வேண்டுமென்று அண்ணை சொன்னதையும் சொன்னேன். அத்தான் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று எடுத்தார். தன் பெயரைச் சொன்னார். மன்னிப்புக் கேட்கத் தெரிந்த ஆளில்லை அவர். தொண்டையைச் செருமினார்.

"உந்தக் கிணத்தின்ரை அடியை அடைக்கிறதுக்கு வரேலுமோ? சீமெந்து நான் எடுத்து வைக்கிறன். ரெண்டு பை காணுமோ?"

அந்தப் பக்கத்துக் குரல் எனக்குக் கேட்கவில்லை. அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"சரி," என்றார். "மூண்டு எடுக்கிறன்."